நான்காவது நிரலில் நான் எழுதிய ஒரு வரி

"நிலத்தடி நீரின் தரம் ஏற்புடையதாக இருக்கும்."

இதை எழுத எனக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. கிராமக் குடிநீருக்கான ஒரு வெளிநாட்டு உதவித் திட்டத்தின் முன்வரைவு அது. மறுநாள் காலைக்குள் கொடையாளர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். லாக் ஃபிரேம் என்பது திட்டத்தின் சாரத்தைக் கட்டம்போட்டுச் சொல்லும் அட்டவணை. அதில் நான்கு நிரை (கிடைவரிசை), நான்கு நிரல் (செங்குத்து வரிசை). முதல் மூன்று நிரல்களையும் வாரக்கணக்கில் உட்கார்ந்து செதுக்கியிருந்தோம். என்ன செய்வோம், எதை வைத்து அளப்போம், அதற்கான சான்று எங்கிருந்து வரும் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை போட்டிருந்தோம். நான்காவது நிரலின் தலைப்பு 'அனுமானங்கள்'. அது காலியாகக் கிடந்தது. காலியாக அனுப்ப முடியாது என்பதால் கண்ணில் பட்டதை எழுதினேன். அரசியல் சூழல் நிலையாக இருக்கும். உதிரிப் பாகங்கள் சந்தையில் கிடைக்கும். நிலத்தடி நீரின் தரம் ஏற்புடையதாக இருக்கும்.

ஒப்புதலுக்கு முன் நடக்கும் தர மதிப்பாய்வில் திட்டம் நல்ல மதிப்பெண்ணோடு தேறியது. நான்கு பேர் கையெழுத்திட்டார்கள். எங்களுக்கு வந்த கேள்விகள் இன்னும் நினைவில் இருக்கின்றன. வாகனச் செலவு ஏன் தனித் தலைப்பில் இல்லை, பயனாளிகளை ஆண் பெண் என்று பிரித்துக் காட்டுங்கள், மூன்றாவது இண்டிகேட்டரின் (மாற்றத்தை அளக்கும் குறியீட்டின்) எண் தவறு, சின்னம் சரியான அளவில் இல்லை. எல்லாவற்றுக்கும் பதில் எழுதினோம். அந்த அரை நிமிட வரியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாம் ஆண்டில் மதிப்பீட்டுக் குழுவோடு நானும் களத்துக்குப் போனேன். நாங்கள் போட்டவை இந்தியா மார்க் 2 கைப்பம்புகள். பல நாடுகளில் பல்லாண்டுகள் உழைத்த, நம்பகமான வடிவமைப்பு. கிணற்றுக்குள் இறங்கும் குழாய்கள் துத்தநாகம் பூசிய இரும்பு. அந்த வட்டாரத்தின் நிலத்தடி நீரில் அமிலத்தன்மை இருந்தது. பி.எச். அளவு 6.5க்குக் கீழே போனால் அந்தப் பூச்சு கரையத் தொடங்கிவிடும், அடியில் இருக்கும் இரும்பு துருப்பிடிக்கும். இரவெல்லாம் குழாயில் தங்கிய தண்ணீர் விடியற்காலையில் செந்நிறமாக வந்தது. துவைத்த துணியில் கறை படிந்தது, குடித்தால் இரும்பின் கசப்பு. இரண்டு ஆண்டுகளில் குழாய்களில் ஓட்டை விழுந்தது. கைப்பிடியை எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் மேலே ஏறவில்லை. மார்க் 2 வகையில் அடியில் உள்ள உருளையைத் தொட வேண்டுமென்றால் குழாய்த் தொடர் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். அதற்குத் தனிக் கருவிகளும் பழகிய மெக்கானிக்கும் வேண்டும். இரண்டும் அங்கே இல்லை. மக்கள் பழைய குட்டைக்கே திரும்பியிருந்தார்கள்.

ஒரு மூதாட்டி எங்களைத் தம் வீட்டு வாசலுக்கு அழைத்துப்போய், மூலையில் கிடந்த ஒரு தகர வாளியைக் காட்டினார். அடிப்பாகம் சல்லடையாக அரித்திருந்தது. "இந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு வாளி ஒரு வருஷம் தாங்காது. இது எங்கள் அம்மா காலத்திலேயே தெரிந்த விஷயம். கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

அமிலத்தன்மையைக் களத்தில் அளக்கச் சில நிமிடங்கள் போதும். அளந்திருந்தால் பி.வி.சி. குழாயோ துருப்பிடிக்காத எஃகுக் குழாயோ போட்டிருப்போம். பட்ஜெட் கொஞ்சம் கூடியிருக்கும், கிணறுகளின் எண்ணிக்கை கொஞ்சம் குறைந்திருக்கும், ஆனால் போட்டவை ஓடியிருக்கும். பொறியியல் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பிழை இது. அது எப்படித் தப்பியது என்பதுதான் பிறகு நான் தர மதிப்பாய்வுப் பணிக்கே மாறியதற்குக் காரணம். திட்டம் எழுதுகிறவனாக இருந்த நான், பிறர் எழுதியதைப் படித்துக் கேள்வி கேட்கிறவனானேன். பல ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்து கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். இத்துறைக்குப் புதிதாக வருகிற யாருக்காவது உதவட்டும்.

லாக் ஃபிரேம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. 1969இல் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமாக இருந்த யு.எஸ்.எய்டுக்காக உருவாக்கப்பட்ட கருவி அது. அப்போது அந்த நிறுவனத்தின் திட்டங்களில் கண்ட குறைகள் மூன்று. திட்டமிடல் மங்கலாக இருந்தது. எதற்குத் திட்ட மேலாளர் பொறுப்பு, எதற்கு அவர் பொறுப்பில்லை என்பது தெளிவாக இல்லை. அதனாலேயே மதிப்பீடு என்று வந்தால் ஆளுக்கு ஆள் பழி போடும் சண்டையாக முடிந்தது. இதற்கு மருந்தாகத்தான் நான்காவது நிரலை வைத்தார்கள். நம் கையில் இல்லாத, ஆனால் நடந்தே தீர வேண்டிய விஷயங்களை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிடும் இடம் அது. அந்தக் கருவியின் உயிரே அங்கேதான் இருக்கிறது. நாங்கள் அதைக் கடைசி இரவில் நிரப்பினோம்.

இன்னொரு விஷயமும் பிடிபட்டது. நீரின் தரம் எங்கள் கையில் இல்லாததுதான். ஆனால் அதை அறிந்துகொள்வது முழுக்க எங்கள் கையில் இருந்தது. அளந்து தெரிந்துகொள்ளக்கூடியதை அனுமானம் என்று எழுதுவது, செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் அதற்கு ஒரு பெயர் சூட்டுவது. இப்போது ஒரு முன்வரைவு கைக்கு வந்தால் நான் முதலில் திறப்பது நான்காவது நிரலைத்தான். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் மூன்று கேள்விகள் எழுதுவேன். இது உண்மையா என்று இன்றைக்கே தெரிந்த ஆள் யார்? அவரிடம் யாராவது கேட்டார்களா? இது பொய்த்துப்போனால் எந்த மாதத்தில் நமக்குத் தெரியவரும்?

அதற்குப் பிறகு அனுமானங்களைச் சலித்தெடுப்பது எளிது. ஓர் அனுமானம் ஏறக்குறைய நிச்சயம் என்றால் அதை அட்டவணையிலிருந்தே எடுத்துவிடலாம், இடத்தை அடைக்க வேண்டாம். நடக்க வாய்ப்பு உண்டு, உறுதியில்லை என்றால் வைத்துக்கொண்டு கண்காணிக்க வேண்டும். அதற்கும் ஒரு ஆள், ஒரு தேதி வேண்டும். நடக்க வாய்ப்பு குறைவு என்றால் திட்டத்தையே மாற்றி அமைக்க வேண்டும். மாற்றவும் வழியில்லை என்றால் அந்தத் திட்டத்தைத் தொடங்கக் கூடாது. இந்தச் சல்லடை பல கொடையாளர் கையேடுகளில் படம் போட்டே இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுவதில்லை என்பதைப் போல, கையேட்டில் இருப்பது மேசைக்கு வருவதில்லை. 'தொடங்கக் கூடாது' என்ற கடைசி வழியைப் பயன்படுத்தி ஒரு திட்டம் நிறுத்தப்பட்டதை என் பணிக்காலத்தில் மிகச் சில முறைதான் பார்த்திருக்கிறேன்.

என் பிழை சிறியது. இதே வகைப் பிழை பெரிய அளவில் நடந்ததற்கு வங்கதேசம் சாட்சி. குளத்து நீரும் ஆற்று நீரும் கிருமிகளால் மாசுபட்டு, வயிற்றுப்போக்கில் குழந்தைகள் இறந்துகொண்டிருந்த காலத்தில், 1970களில், யுனிசெப் போன்ற அமைப்புகளின் ஆதரவோடு அங்கே குழாய்க் கிணறுகள் பெருமளவில் போடப்பட்டன. நோக்கம் உயர்ந்தது, கிருமி விஷயத்தில் பலனும் இருந்தது. ஆனால் அன்றைய வழக்கமான நீர்ப் பரிசோதனைகளில் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள் இடம்பெறவில்லை. ஆழமற்ற கிணற்று நீரில் அது இயற்கையாகவே கலந்திருப்பது 1993இல்தான் அங்கே உறுதியானது. 2000இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த கட்டுரை, 12.5 கோடி மக்களில் 3.5 கோடி முதல் 7.7 கோடிப் பேர் வரை ஆபத்தில் இருப்பதாகக் கணித்தது. ஒரு மக்கள்தொகைக்கு நேர்ந்த வரலாற்றிலேயே மிகப் பெரிய நச்சுப் பாதிப்பு என்றும் அதைக் குறிப்பிட்டது.

அன்றைக்கு வேலை செய்தவர்களைக் குற்றஞ்சாட்ட நான் இதைச் சொல்லவில்லை. கிருமியை நினைத்தவர்கள் கிருமியைச் சோதித்தார்கள். எதை நினைக்கவில்லையோ அது சோதனைப் பட்டியலிலும் வரவில்லை. தரக் கட்டுப்பாட்டுப் பட்டியல்களின் ஆகப் பெரிய பலவீனம் இது. பட்டியலில் இருக்கும் எல்லாவற்றுக்கும் டிக் அடித்துவிட்டால் எல்லாம் பார்த்தாகிவிட்டது என்ற நிம்மதி வந்துவிடுகிறது. அதனால் நான் படிக்கும் எந்தப் பட்டியலின் கடைசியிலும் ஒரு வெற்றுக் கோடு வைத்துக்கொள்கிறேன்: 'இந்தப் பட்டியலில் இல்லாத எது இந்தத் திட்டத்தைக் கவிழ்க்கும்?' சில சமயம் அந்தக் கோட்டை நிரப்ப ஒரு நாள் பிடிக்கும். நிரப்பாமல் கையெழுத்துப் போடுவதில்லை.

மதிப்பாய்வாளனாக நான் செய்த முதல் பெரிய தவறைச் சொல்ல வேண்டும். பழைய குற்ற உணர்ச்சியில், வந்த முதல் முன்வரைவை வரிவரியாகப் படித்து 74 குறிப்புகள் எழுதி அனுப்பினேன். எழுத்துப் பிழையில் தொடங்கி, மாவட்ட நிர்வாகத்தோடு ஒப்பந்தமே இல்லை என்பது வரை எல்லாம் அதில் இருந்தன. இரண்டு வாரத்தில் பதில் வந்தது, 74இல் 69 திருத்தப்பட்டிருந்தன. மீதி ஐந்துக்கு 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று எழுதியிருந்தார்கள். அந்த ஐந்துதான் திட்டத்தின் உயிர்நாடி. அதை எழுதியவர் மேல் தப்பில்லை. நான் எல்லாவற்றையும் ஒரே எடையில் கொடுத்தேன், அவர் எளிதானவற்றை முதலில் முடித்தார், நேரம் தீர்ந்துவிட்டது. ஒப்புதல் கூட்டத்தில் '93 சதவீதக் குறிப்புகள் தீர்க்கப்பட்டன' என்று ஒரு வரி வாசிக்கப்பட்டபோது என்னால் வாய் திறக்க முடியவில்லை.

அன்றிலிருந்து இரண்டே பிரிவுகள். ஒன்று, 'இது தீராமல் என் கையெழுத்து இல்லை'. இதில் ஐந்துக்கு மேல் எழுதக் கூடாது என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட விதி. ஐந்துக்கு மேல் தேவைப்பட்டால் அந்தத் திட்டத்துக்குத் திருத்தம் போதாது, திரும்ப உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்று நேரில் போய்ச் சொல்லிவிடுவேன். மற்றதெல்லாம் 'விரும்பினால் எடுத்துக்கொள்ளுங்கள்'. எழுத்துப் பிழைகளைப் பென்சிலால் திருத்தித் தனியாகக் கொடுத்துவிடுவேன், குறிப்பாக எழுதுவதே இல்லை. முதல் பிரிவில் எழுதும் ஒவ்வொன்றோடும், எதைக் காட்டினால் நான் திருப்தியடைவேன் என்பதையும் எழுதுவேன். 'நிலைத்தன்மையை வலுப்படுத்தவும்' என்று எழுதினால் எதிரில் இருப்பவர் ஒரு பத்தி அழகாக எழுதிச் சேர்ப்பார், வேறொன்றும் மாறாது. 'மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு மெக்கானிக்கின் சம்பளத்தை எந்த அலுவலகம் எந்த நிதித் தலைப்பிலிருந்து தரும், அந்த அலுவலகத்தின் கடிதம் வேண்டும்' என்று எழுதினால் அவர் தொலைபேசியை எடுத்தாக வேண்டும்.

அப்படி ஒருமுறை நானே தொலைபேசியில் கேட்டேன். மாவட்டப் பொறியாளர் ஒருவர். "உங்கள் அலுவலகம் பராமரிப்பை ஏற்கும் என்று திட்டத்தில் எழுதியிருக்கிறதே, உங்களிடம் கேட்டார்களா?" மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை. "எங்களுக்கு இப்படி ஒரு திட்டம் வருவதே நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. இருக்கிற பம்புகளுக்கே எங்களிடம் இரண்டு மெக்கானிக்தான்" என்றார். திட்டத்தின் 60 பக்கங்களில் கிடைக்காத பதில் அந்த நாலு நிமிடத்தில் கிடைத்தது. இன்றைக்கும் நான் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் யோசனை இதுதான்: முன்வரைவில் 'இவர் செய்வார்' என்று பெயர் வருகிற ஒவ்வொரு அலுவலகத்தையும் பட்டியலிட்டு, அவற்றில் மூன்றையாவது நேரே அழைத்துப் பேசுங்கள்.

இது என் ஒருவனின் அனுபவம் மட்டும் அன்று. கிராம நீர் வழங்கலில் இயங்கும் வல்லுநர் வலையமைப்பு 2009இல் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளின் தகவல்களைத் தொகுத்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு கைப்பம்பு ஓடாமல் இருந்தது தெரியவந்தது. துளை போடத் திட்டம் இருக்கிறது, திறப்பு விழாவுக்குத் திட்டம் இருக்கிறது. நான்காம் ஆண்டில் ஒரு வாஷர் தேய்ந்தால் என்ன செய்வது என்பதற்குத் திட்டம் இருப்பதில்லை. இதில் கொடையாளர்களின் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. அரசு அலுவலகத்தோடு வேலை செய்வது மெதுவாக நடக்கும் என்று, திட்டத்துக்கெனத் தனி நிர்வாக அலகு ஒன்றைத் தொடங்கிவிடுவார்கள். நல்ல சம்பளம், நல்ல வண்டி, வேலையும் வேகமாக நடக்கும். திட்டம் முடிந்த மறுநாள் அந்த அலகு இருக்காது. 2005இல் வளர்ச்சி உதவி பற்றிய பாரிஸ் பிரகடனத்தில் நாடுகளும் உதவி அமைப்புகளும் இத்தகைய இணை அலகுகளை 2010க்குள் மூன்றில் இரண்டு பங்கு குறைப்பதாக உறுதி எடுத்தன. ஒரு முன்வரைவில் 'திட்ட மேலாண்மை அலகு' என்ற சொல்லைக் கண்டால், அதில் வேலை செய்யப்போகிறவர்கள் முடிவில் எங்கே போவார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

நேரம் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தர மதிப்பாய்வு பெரும்பாலும் கடைசியில் வருகிறது. அதற்குள் அமைச்சகத்துக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, நிதியாண்டு முடியப்போகிறது, ஆலோசகரின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அந்த வாரத்தில் வருகிற மதிப்பாய்வாளரால் காற்புள்ளியைத்தான் மாற்ற முடியும். எத்தனை நல்ல கேள்வி கேட்டாலும், 'இப்போது போய் இதைக் கேட்கிறீர்களே' என்பதுதான் பதில். உலக வங்கிக்கே இந்த நோய் இருந்ததை அதன் சொந்த ஆய்வுதான் வெளியே சொன்னது. 1992இல் வில்லி வாப்பன்ஹான்ஸ் தலைமையிலான பணிக்குழு, அதற்கு முந்தைய ஆண்டு முடிந்த திட்டங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் திருப்தியற்றவை என்று காட்டியது. கடன் ஒப்புதலைப் பெற்றுவிடுவதே சாதனை என்று கருதும் 'ஒப்புதல் கலாசாரம்' உள்ளே வேரூன்றியிருப்பதாகவும் சொன்னது. அதற்குப் பிறகு 1996இல் வங்கி தனியாக ஒரு தர உறுதிக் குழுவை அமைத்து, திட்டம் தொடங்கும் நேரத்தில் அதன் தரம் எப்படி இருக்கிறது என்று மதிப்பிடத் தொடங்கியது. ஒரு பெரிய நிறுவனம் தன் குறையைத் தானே அளந்து எழுதிவைத்ததை நான் மிக மதிக்கிறேன்.

எங்கள் அளவில் நாங்கள் செய்தது எளிமையானது. முழு முன்வரைவுக்கு முன், நான்கு பக்கக் கருத்துக் குறிப்பு நிலையிலேயே ஒரு மதிப்பாய்வு. அப்போது எழுதியவருக்கு அந்தக் காகிதத்தின் மேல் பாசம் வளர்ந்திருக்காது, யாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கமாட்டார், ஒரு பகுதியை வெட்டினால் யாருக்கும் முகம் வாடாது. அந்த நான்கு பக்கத்தில் கேட்டு நாங்கள் தடுத்த பிழைகள், கடைசி நிலையில் கண்டுபிடித்தவற்றைவிட அதிகம். நேரம் குறைவாக இருக்கும் அலுவலகம் ஒன்றே ஒன்றை மாற்ற முடியும் என்றால், இதை மாற்றலாம்.

அடுத்து எண்கள். இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. விவரிப்பு, பட்ஜெட், லாக் ஃபிரேம் மூன்றையும் மேசையில் பக்கம் பக்கமாக விரித்து வைத்து, ஒரே எண் மூன்றிலும் ஒரே எண்ணாக இருக்கிறதா என்று பார்ப்பேன். ஓர் ஆசிரியர் பயிற்சித் திட்டத்தில் விவரிப்பில் 40 பள்ளிகள், லாக் ஃபிரேமில் 52, பயிற்சிக்கான பட்ஜெட் 30 பள்ளிகளுக்கு. மூன்றையும் மூன்று பேர் எழுதியிருந்தார்கள், ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. இதை எழுத்துப் பிழையாக நினைத்துக் கடந்துவிடக் கூடாது. குழுவுக்குள் இன்னும் முடிவாகாத ஒரு சண்டையின் சுவடு அது. கேட்டுப் பார்த்தால் நிஜமான பிரச்சினை வெளியே வரும்.

எண்கள் எங்கிருந்து வந்தன என்பதும் முக்கியம். எங்கள் பழைய குடிநீர்த் திட்டத்தில் 'ஒரு பம்புக்கு 500 பேர்' என்று வைத்திருந்தோம். மனிதாபிமான உதவிக்கான ஸ்பியர் கையேட்டில் இருக்கும் எண், அதனால் யாரும் கேள்வி கேட்கவில்லை. அந்தக் கையேடு பேரிடர்க் கால உதவிக்கான குறைந்தபட்ச அளவுகளைச் சொல்வது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர், கைப்பம்பு நிமிடத்துக்கு 17 லிட்டர் தரும் என்பது அதன் கணக்கு. 500 பேருக்கு 7,500 லிட்டர். அதை 17ஆல் வகுத்தால் 441 நிமிடம். அதாவது ஒரு நாளில் ஏழு மணி நேரத்துக்கு மேல் யாராவது ஒருவர் இடைவிடாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒவ்வொரு நாளும், பல ஆண்டுகளுக்கு. முகாமில் சில மாதங்கள் தாக்குப்பிடிக்க வேண்டிய ஏற்பாட்டை நாங்கள் ஒரு கிராமத்தின் நிரந்தர வாழ்க்கைக்கு எடுத்துக்கொண்டோம். எந்த அளவுகோலைக் கண்டாலும் அது எந்தச் சூழலுக்காக எழுதப்பட்டது என்று பாருங்கள், பிறகு ஒரு காகிதத்தில் வகுத்துப் பாருங்கள். தண்ணீர் எடுக்கும் பெண்கள் எத்தனை மணி நேரம் வரிசையில் நிற்பார்கள் என்பது அந்த வகுத்தலில் இருக்கிறது.

இண்டிகேட்டர் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது, நான் நீட்டவில்லை. 'இத்தனை பேருக்குப் பயிற்சி' என்பது நாம் செய்த வேலையின் கணக்கு, அதனால் என்ன மாறியது என்பதன் கணக்கு வேறு. பேஸ்லைன், அதாவது பணிக்கு முந்தைய நிலையின் அளவு, எடுக்கும் மாதம் பணி தொடங்கும் மாதத்துக்குப் பின்னால் இருந்தால் அது பேஸ்லைனே அல்ல. இந்த இரண்டைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மதிப்பீட்டாளர்கள் பின்னால் வந்து கேட்கும் கேள்விகளை முன்னாலேயே கேட்டுக்கொள்வதும் நல்லது. பெரும்பாலும் வளம் மிக்க நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யின் வளர்ச்சி உதவிக் குழு, மதிப்பீட்டுக்காக 1991இல் வகுத்த ஐந்து அளவுகோல்களோடு 2019இல் 'இசைவு' என்பதைச் சேர்த்து ஆறாக்கியது. அதே இடத்தில் வேறு யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள், நம் வேலை அதோடு பொருந்துகிறதா முட்டுகிறதா என்ற கேள்வி அது. பக்கத்து அமைப்பு இலவசமாகக் கொடுப்பதை நாம் மக்களிடம் பங்களிப்பு வாங்கிக்கொண்டு கொடுக்கத் திட்டமிட்டிருப்பது, இந்தக் கேள்வி வராவிட்டால் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

நான் மனதார நம்பும் ஒரு பயிற்சி உண்டு. ஒப்புதலுக்கு முன் குழு முழுவதையும் ஓர் அறையில் உட்கார வைத்து, "மூன்று ஆண்டு ஓடிவிட்டது, இந்தத் திட்டம் தோற்றுவிட்டது. ஏன் தோற்றது என்று ஆளுக்கு ஒரு தாளில் எழுதுங்கள்" என்று சொல்வது. 'இதில் என்ன ஆபத்து?' என்று கேட்டால் எல்லோரும் தலைவர் முகத்தைப் பார்ப்பார்கள். தோற்றுவிட்டது என்று முடிவைச் சொல்லிவிட்டுக் காரணம் கேட்டால் பயம் விலகிவிடுகிறது. ஒரு முறை, கூட்டங்களில் வாய் திறந்தே பார்த்திராத ஒரு களப்பணியாளர் எழுதினார்: 'பயிற்சி நடக்கும் மாதங்களில் அந்த ஊர் ஆண்கள் பாதிப் பேர் வேலை தேடி வெளியே போய்விடுவார்கள்.' பணிக்கால அட்டவணை முழுவதையும் மாற்றினோம். அவருக்கு அது முதல் நாளிலிருந்தே தெரியும். சொல்வதற்கு அவருக்கு ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான். தாள்களில் பெயர் எழுதச் சொல்லாதீர்கள். தலைவரின் தாளைக் கடைசியில் படியுங்கள்.

மறுப்பதன் விலையையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு சுகாதாரத் திட்டத்தை நான் நிறுத்தி வைத்தேன். மருந்து வழங்கல் பற்றிய அனுமானம் பொய் என்று ஆவணங்களிலேயே தெரிந்தது. திருத்தி அனுப்ப ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் அங்கே நோயாளிகள் காத்திருந்தார்கள். நான் அதை மறக்கவில்லை. மதிப்பாய்வாளர் 'வேண்டாம்' என்று சொல்வது எளிதான, பாதுகாப்பான காரியம், எதையும் நிறுத்தியதற்காக யாரும் அவரைத் தண்டிப்பதில்லை என்று சகப் பணியாளர் ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்குப் பிறகு, ஒரு திட்டத்தை நிறுத்தினால் திருத்தும் வேலையில் நானும் உட்காருவது என்று வைத்துக்கொண்டேன். கேள்வியை வீசிவிட்டு அடுத்த கோப்பைத் திறப்பதில்லை. திருத்தம் எழுதக் கை கொடுத்தால் என் மதிப்பாய்வின் நடுநிலை கெடும் என்று சிலர் வாதிட்டார்கள். அதனால் கடைசிக் கையெழுத்தை வேறொருவரிடம் விட்டுவிடுகிறேன். தாமதத்தை ஏழு மாதத்திலிருந்து ஏழு வாரமாகக் குறைக்க முடிந்தால் அந்த ஏற்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது.

பணம் செலவாகும் வேகத்தை வைத்து மதிப்பிடப்படுகிற பிரிவுக்குக் கீழே தர மதிப்பாய்வாளரை வைக்காதீர்கள் என்பதை மட்டும் நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், வருட இறுதியில் அதே மேலாளரிடம் போய் நிற்க வேண்டியவரின் பேனா தயங்கும்.

சென்ற முறை என் மேசைக்கு ஒரு குடிநீர்த் திட்டம் வந்தது. எழுதியவர் வயதில் சிறியவர், என் பழைய கதை அவருக்குத் தெரியாது. வழக்கம்போல நான்காவது நிரலைத்தான் முதலில் திறந்தேன். மூன்றே வரிகள் இருந்தன. நீரின் தரம் பற்றி ஒன்றும் இல்லை. ஏன் இல்லை என்று கேட்கப் பென்சிலை எடுத்தேன். பிறகுதான் இணைப்பைப் புரட்டினேன். உத்தேசித்த இடங்களில் இருந்த பழைய கிணறுகளின் நீரை, பணி தொடங்குவதற்கு முன்பே எடுத்துச் சோதித்த அறிக்கை இருந்தது. அமிலத்தன்மை, இரும்பு, ஆர்சனிக், ஃபுளோரைடு, உப்பு. ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் எதிரே 'ஊரார் சொன்னது' என்று தனியாக ஒரு நிரல் வரைந்திருந்தார். அதில் ஓர் ஊருக்கு நேரே எழுதியிருந்தது: வாளி துருப்பிடிக்கும். அந்த ஊருக்கான குழாய் வகை பட்ஜெட்டில் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தது. இன்னும் இரண்டு ஊர்கள் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டு, மேற்பரப்பு நீருக்கான வேறு ஏற்பாடு எழுதப்பட்டிருந்தது.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, அந்த இணைப்பை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன்.